முன் ஷாஃப்ட்

எங்கள் பிக்கப் வண்டியை மலைமேல் தோட்டம் வைத்திருந்த ஒருவரிடம் வாங்கினோம். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. வெண்ணந்தூருக்கு வெளியே, ஏரிக்குக் கீழே இருக்கிறது எங்கள் கோழிப்பண்ணை. தார் ரோட்டிலிருந்து அங்கே போகும் தடம் முழுக்கக் கருப்பு மண். காய்ந்தால் கல், நனைந்தால் களி. அதனால்தான் இந்த வண்டியே வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். வீட்டுக்காரருக்கு அது வீண் செலவு. "இங்க என்ன மலையா ஏறப்போற?" என்றார்.

வண்டியோடு வந்த கையேட்டைப் படித்ததும் நான்தான். பரீட்சை எப்போது என்று கேட்டுச் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விஷயம் பெரிய கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. கியர்பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு பெட்டி இருக்கிறது. அதிலிருந்து ஒரு நீளக் கம்பி பின் அச்சுக்குப் போகிறது. எஞ்சின் எப்போதும் சுழற்றுவது அதைத்தான். இன்னொரு கம்பி முன் அச்சுக்குப் போகிறது. அதுதான் முன் ஷாஃப்ட். சீட்டுக்குப் பக்கத்திலுள்ள சின்ன லீவரை இழுத்தால் பெட்டிக்குள் இரண்டும் பூட்டிக்கொண்டு, முன்சக்கரங்களும் இழுக்க ஆரம்பிக்கும். தார் ரோட்டில் அப்படி ஓட்டக் கூடாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் உருள வேண்டும். பூட்டிவிட்டால் அது முடியாமல் முறுக்கிக்கொள்ளும். சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கிக் கொடுப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

பின்சக்கரங்களை மட்டும் நம்பிச் சேற்றில் இறங்கினால் வேறு வம்பு. எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ அதுதான் சுற்றும். பிடிப்புள்ள சக்கரம் அசையாமல் நிற்கும். உழைக்கிறவனை விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறவனுக்குச் சோறு போடும் வீடு மாதிரி.

முதல் மழைக்காலம் முழுக்க அந்தச் சேற்றில் தீவன மூட்டை ஏற்றிப் போனேன். ஒரு தடவைகூட வண்டி நிற்கவில்லை.

அடுத்த ஐப்பசியில் அது நடந்தது. எங்கள் ஷெட் நாலு பக்கமும் அடைத்தது. பெரிய விசிறிகள்தான் உள்ளே காற்றோட்டம். அவை நின்றால், விற்பனைக்குப் பிடிக்கிற வயதில் இருக்கும் கோழிகள் தங்கள் சூட்டிலேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். மத்தியானம் மழை விட்டுப் புழுங்கிக்கொண்டிருந்தது. நான் வீட்டில் இருந்தேன். பண்ணையிலிருந்து அவர் போன் செய்தார்.

"கரண்ட் போயிருச்சு. ஜெனரேட்டர் பேட்டரி உக்காந்துருச்சு. வண்டிய எடுத்துக்கிட்டு ஓடியா புள்ள, அதுலருந்து ஒயர் குடுத்துக்கலாம்."

பறந்தேன். தார் ரோடு முடிகிற இடத்தில் லீவரை இழுத்தேன். ஸ்டீயரிங்குக்கு எதிரே டேஷ்போர்டில் பச்சை விளக்கு எரிந்தது. தைரியமாகச் சேற்றில் இறங்கினேன். பாதித் தடத்தில் வண்டி உட்கார்ந்துவிட்டது.

ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். சேறு பின்னால் வாரியடித்தது. முன்னால் எடுத்தேன், பின்னால் எடுத்தேன். இறங்கி முள்ளுக்கட்டையையும் கல்லையும் டயருக்கு அண்டக் கொடுத்தேன். பண்ணை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருந்தது. பேட்டரியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு ஓடத் தோன்றவில்லை. விளக்கு எரிகிறதே, எப்படியும் இழுத்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

அவர் சேற்றில் விழுந்து எழுந்து ஓடிவந்தார்.

"அமுத்தாத புள்ள! அது இழுக்காது."

"ஏனுங்க, லைட்டு எரியுதுங்களே?"

"லைட்டு எரியும். முன் ஷாஃப்ட்டு இல்ல. சர்வீஸுக்கு உட்டப்பக் கழட்டியாச்சு. சும்மா சுத்திக்கிட்டு டீசலக் குடிக்குது, நம்ம ஊருக்கு எதுக்குன்னு மெக்கானிக்கு சொன்னாரு."

லீவர் விழுந்ததைத்தான் விளக்கு காட்டும். முன்சக்கரம் சுற்றுகிறதா என்று அதற்குத் தெரியாது. எங்கள் பக்கம் லாரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டியில் எது சும்மா இருந்தாலும் கழற்றிப் போட்டுவிடுவார்கள், எடை குறையும், டீசல் மிச்சம் என்று.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களா?"

"மறந்துட்டேன்," என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே அவரை அறைந்திருப்பேன். அதற்குள் கை வண்டியின் பேட்டரி போல்ட்டுக்குப் போயிருந்தது. கழற்றி, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு முழங்கால் சேற்றில் ஓடினோம். வேலைக்கிருந்த தம்பதி எல்லாக் கதவுகளையும் திறந்துபோட்டு, தட்டால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா எங்களைப் பார்த்ததும் தட்டைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். ஜெனரேட்டர் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. விசிறிகள் ஓடின. ஷெட்டுக்குள் கேட்டதெல்லாம் விசிறிச் சத்தம்தான். கதவோரம் கொஞ்சம் கோழிகள் கழுத்தை நீட்டி மூச்சு வாங்கின. மற்றவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

அன்றைக்கு நானும் அவரும் சாப்பிடவில்லை.

மறுநாள் விடிந்ததும் நாற்றம் கிளம்பிவிட்டது. தடத்தின் மறுகோடியில் மேட்டு நிலத்தில் குழி வெட்டச் சொன்னோம். கோழிகளை அங்கே கொண்டுபோக வேண்டும், வழியெல்லாம் அதே சேறு. தீவன அறையில் கோணிக்கடியில் கிடந்த ஷாஃப்ட்டை அவர் எடுத்துவந்தார். சேற்றில் மல்லாந்து படுத்து வண்டிக்கடியில் அதை மாட்டினார். பேட்டரியை நான் மாட்டினேன். கல்லையும் முள்ளையும் தள்ளிவிட்டு லீவரை இழுத்ததும் வண்டி புதைந்த சேற்றை விட்டு ஏறிவந்தது.

மண்வெட்டியால் வாரி வாரிப் போட்டார்கள். வண்டி நிறைந்ததும் ஓட்டினேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அத்தனை பாரத்தோடு அந்தக் களியில் வண்டி ஓரிடத்திலும் திணறவில்லை.

"நல்லா இழுக்குதுல்ல," என்றார்.

குழியோரம் கொட்டிவிட்டு, அடுத்த நடைக்கு வண்டியைத் திருப்பினேன்.