ஜீரோ என்று என்னைக் கேட்காமல் போட்டார்கள்

"பயம்: பூஜ்யம். நோயாளி நன்றாக ஒத்துழைத்தார்." இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலத்தின் இரண்டாம் புதன்கிழமை என் கடைவாய்ப் பல்லை எடுத்த மருத்துவமனைச் சீட்டில் இருக்கும் வரி இது. பத்திரமாக வைத்திருக்கிறேன். இதில் ஒரு சொல்கூட உண்மையில்லை என்பதால்தான் வைத்திருக்கிறேன்.

நான் படவேடு பக்கம் ஜெராக்ஸ் கடை நடத்துகிறவள். எங்கள் சபையில் நடப்பதைத் தேதி போட்டு எழுதி வைப்பதும் நான்தான். கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் கீழ்த்தாடை வீங்கியது. வாயில் ஒரு விரல் நுழையவில்லை. ஞானப்பல் எலும்புக்குள் படுத்திருக்கிறது, சீழ் கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். மாத்திரையில் வீக்கம் வடிந்ததும் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் முழுக்க நான் தூங்கவில்லை. கஞ்சி இறங்கவில்லை. ஜெபிக்கவும் வார்த்தை வரவில்லை.

துணைக்கு எங்கள் போதகரின் மனைவி வந்தார். ஐயரம்மா என்போம். நாற்காலியில் சாய்ந்ததும் ஒரு பயிற்சி டாக்டர் பெண் அட்டையோடு வந்தது. பல் எடுக்கும்போது நோயாளிகளுக்கு எவ்வளவு பயம் என்று அளந்து கணக்கெடுக்கிறார்களாம்.

"பயமே இல்லன்னா ஜீரோ, தாங்க முடியலன்னா பத்து. உங்களுக்கு எவ்ளோம்மா?"

நான் வாய் திறக்குமுன் ஐயரம்மா முந்திக்கொண்டார். "நாங்க விசுவாசிங்கம்மா. எங்களுக்கு இன்னாத்துக்கு பயம்? ஜீரோ போட்டுக்கோ."

எங்கள் சபையில் இது வழக்கம். பயம் என்று சொன்னால் விசுவாசம் குறைவு என்பார்கள். நானும் தலையாட்டினேன். எனக்கு வந்ததோ பத்துக்கு மேல். அந்தப் பெண் எழுதிக்கொண்டு ஓரமாக நகர்ந்து நின்றது. ஐயரம்மாவை வெளியே உட்காரச் சொன்னார்கள்.

ஊசி போட்டார்கள். உதடு மரத்தது, உள்ளே மரக்கவில்லை. எலும்பைக் குடைந்தபோது உயிர் போனது. வாய் மூடாதிருக்க வைத்த கட்டை, பேச வழியில்லை. கண்ணீர் காதுக்குள் வழிந்தது.

பெரிய டாக்டர் குனிந்தபடியே சொன்னார். "ஜீரோன்னு சொன்ன அம்மாதானே? கண்ணுல தண்ணி தானா வரும். தலைய ஆட்டாதீங்க."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! என் வாய், என் வலி. பதில் மட்டும் இன்னொருவர் சொன்னது. அட்டையில் இருந்த எண்ணை நம்பினார்கள், எதிரே நடுங்கிய உடம்பை நம்பவில்லை. அப்போதுதான் ஜெபம் வந்தது. "கர்த்தாவே, யாராவது என்னைக் கேட்கட்டும்." அவ்வளவுதான்.

சொல்லி முடிக்கவில்லை, அந்தப் பெண் அட்டையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தது.

"அம்மா, இப்ப உங்களத்தான் கேக்குறேன். வலிக்குதா, பயமா இருக்கா? இருந்தா என் கைய அமுக்குங்க."

அமுக்கினேன். "அய்யோ அம்மா, வெரலு!" என்று கத்திவிட்டது. "சார், நிறுத்துங்க. இவங்களுக்கு மரக்கல."

மறுபடி ஊசி போட்டு, பொறுத்திருந்து பார்த்துத் தொடங்கினார்கள். பல் துண்டு துண்டாக வந்ததை நான் சத்தத்தில்தான் அறிந்தேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

பஸ்ஸில் ஐயரம்மா மெல்லச் சொன்னார். "சபையில சாட்சி சொல்லும்போது பயந்தேன்னு சொல்லிடாத. நாலு பேரு இன்னா நெனைப்பாங்க?"

வாயில் பஞ்சு. பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். நான் பயந்தேன், ஐயரம்மா. சிலுவைக்கு முந்தின இரவில் வியர்வை இரத்தத் துளியாக விழத் தோட்டத்தில் ஜெபித்த நம் ஆண்டவருக்கு நீங்கள் என்ன எண் போடுவீர்கள்?

அன்றிலிருந்து என் ஜெபத்தில் ஜீரோ கிடையாது. உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், அவர் கேட்கிறார். சகோதரிகளே, நீங்களும் சொல்லிப் பாருங்கள். உங்களுக்காக வேறு யாரும் எண் சொல்ல விடாதீர்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. தையல் பிரிக்கப் போனபோது அந்தப் பெண்ணைத் தேடினேன். பணி மாறிப் போய்விட்டதாம். அதன் அட்டையிலாவது என் ஜீரோ திருத்தப்பட்டதா, அப்படியே கணக்கில் சேர்ந்ததா, இதை எழுதும் நாள்வரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.