பந்தி நீளத்துக்கு ஒரு மங்கல்

எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பாலீஷ் கல் பிடித்துத் தேய்ந்த விரலில் பேனா நிற்பதில்லை. அந்தக் கல் எங்கள் மேஸ்திரியுடையது. இப்போதும் என் பையில் இருக்கிறது.

திருவாரூர் பக்கம் ஒரு மிராசுதார் வீட்டுக் கூடத்துக்கு நாங்கள் ஏழு பேர் மொசைக் போட்டோம். டைல்ஸ் வாங்கி ஒட்டுகிற மொசைக் அல்ல. கண்ணாடிப் பட்டை நட்டு, வெள்ளை சிமெண்டில் சலவைக்கல் சில்லு கலந்து, அங்கேயே கொட்டித் தேய்ப்பது. கூலி உயர்வு கேட்டு எங்கள் தெருவே அவர் வயலில் இறங்காமல் நின்ற வருடம். எங்களைக் கண்டாலே அவருக்கு எரியும். ஆனால் மேஸ்திரியின் கை வேண்டியிருந்தது.

பாலீஷ் முடிந்த அன்று நல்ல மழை. வெளியே உட்கார்ந்து சாப்பிட இடமில்லை. "உள்ள வாங்கப்பா, நாம போட்ட தரைதானே, நம்மளயா கடிச்சிரும்?" என்றார் மேஸ்திரி. சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். மிராசுதார் பார்த்துவிட்டு உள்ளே போனார். மறந்துவிட்ட தூக்குவாளியை எடுக்க மறுநாள் நான் போனபோது, கொல்லைக் கதவு வழியாகக் கண்டேன். நாங்கள் உட்கார்ந்த இடத்தில் அவருடைய காரியக்காரர் கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். தரை நுரைத்தது. சலவைக்கல்லுக்கு ஆசிட் ஆகாது என்று கூடத் தெரியாமல் தீட்டுக் கழுவினார்கள்.

கிரகப்பிரவேசத்துக்கு வந்த ஊரார் முன்னால் எங்களைக் கூடத்தில் நிறுத்தி, சுவரோரம் மங்கிக் கிடந்த தரையைக் காட்டி, "கலவையில திருடிட்டான்யா இவன்! ஒரு வாரம் தாங்கல பாரு" என்றார் மிராசுதார். மேஸ்திரி குனிந்து தடவினார். "கலவை சரிங்க. இதுல என்னமோ ஊத்தியிருக்காங்க."

"எவன்டா பாத்தான்?"

நான் பார்த்தேன். பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. கூச்சம் என்று இத்தனை வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன், அது பயம். பிறகு மேஸ்திரியை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. கல்லை என்னிடம் கொடுத்துவிட்டுத் திருச்சிக்கு மூட்டை தூக்கப் போனார். அங்கேயே செத்தார்.

போன வாரம் மிராசுதாரின் மகன் அதே கூடத்துக்குப் பாலீஷ் போடக் கூப்பிட்டார். மண்டபமாக்கி வாடகைக்கு விடப்போகிறாராம். சுவரோரத்தைக் காட்டி, "அந்தக் கொத்தன் கலவையில கோட்டை விட்டது" என்று சிரித்தார். குனிந்து தடவினேன். கலவை மோசமென்றால் சில்லு பெயர்ந்து குழி விழும். இங்கே ஒரு சில்லும் பெயரவில்லை. சில்லின் மேல்முகம்தான் அரித்துக் கிடந்தது.

"கலவை சரிங்க," என்றேன், கூட வந்த ஆட்களுக்கும் கேட்கும்படி. "உங்க வீட்டுல ஆசிட் ஊத்துனாங்க, நான் பாத்தேன். ஏழு பேரு பந்தியில உக்காந்த நீளம் இருக்கா இல்லையான்னு அளந்து பாருங்க."

"பழங்கதை எதுக்குப்பா? தேச்சு எடுத்துடு."

எடுக்கலாம். நாலு நாள் கல் பிடித்தால் போய்விடும். கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மாசி பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை.