பாலைவனத்தில் கழுத்தளவு தண்ணீர்

தருமலிங்கம் அண்ணை காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் தமிழர் அல்லர். ஜெர்மனியின் ஹம் நகர ரயில் நிலையத்தில், பிந்தி வரும் என்று அறிவிக்கப்பட்ட ரயிலுக்காக நின்றபோது இத்ரிஸ் அழைத்தார். அண்ணையோடு பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். "தர்மா போய்விட்டார்" என்று ஜெர்மனில் சொன்னார். எங்கே என்று கேட்டேன். அவர் அதே வசனத்தை இன்னும் மெதுவாகச் சொன்னார்.

மாலைக்குள் இணையத்தில் மரண அறிவித்தல் வந்துவிட்டது. பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், மருமக்களின் பெயர்கள் எல்லாம் சரியாக இருந்தன. "பிரபல போரியல் ஆய்வாளர்" என்றும் போட்டிருந்தார்கள். அவர் யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். துவக்கை அருகில் பார்த்தது சோதனைச் சாவடிகளில் மட்டும், அதுவும் குழாய்ப் பக்கத்திலிருந்து.

எங்கள் மாத இதழை வாசித்தவர்கள் அவரை அறிவார்கள். முதல் பக்கத்தில் அவருடைய 'களநிலை', கடைசிப் பக்கத்தில் என்னுடைய நையாண்டி. சிரித்ததாக எழுதிய வாசகர்கள் பலர் முதல் பக்கத்தைத்தான் குறிப்பிட்டிருந்தார்கள். இதழின் ஆசிரியரும் நானே என்பதால் அந்தக் கடிதங்களைப் பிரசுரிக்கவில்லை.

அவர் எழுதும் முறை எளிமையானது. சமையலறையில் ஒரு சிறிய வானொலி. வேலையால் வந்து தேத்தண்ணி வைத்துக்கொண்டு, ஆங்கிலச் செய்தியில் எந்த நாட்டுச் சண்டை வந்தாலும் திகதி, நேரம் போட்டுக் கொப்பியில் குறித்துக்கொள்வார். நாலு வசனச் செய்தி இரண்டு பக்கக் கட்டுரையாகும். எப்படி என்று ஒருமுறை கேட்டேன். "அரிசி வேகேக்கை பெருகும்தானே" என்றார். ஆனால் சங்கக்கடைக்காரரின் கண்ணும் இருந்தது. "எந்தச் சண்டையிலும் முதல்லை லொறிக்காரனைத் தேடுங்கோ. அவன் நிண்டால் சண்டை நிண்டுது" என்பார். இதை நான் வேறெங்கும் வாசித்ததில்லை. சரியாகவும் பட்டது.

பிற்காலத்தில் இன்னொரு பழக்கமும் வந்தது. கட்டுரை எந்த நாட்டைப் பற்றியதாக இருந்தாலும், ஓரிடத்தில் போராளிகள் கழுத்தளவு தண்ணீரில் ஒரு கடலோரக் களப்பைக் கடப்பார்கள். மலைநாடாக இருந்தாலும் கடப்பார்கள். ஒருவர் தவறாமல் அக்கரையும் சேர்ந்துவிடுவார்கள். நான் எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்தினேன்.

ஈழத்தில் நம்முடைய போரின் கடைசிக் கட்டத்தில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு 'இது பின்வாங்கல் அல்ல, பொறி'. அடுத்த இதழ் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்த மாதம் அவர் எழுதவில்லை. அதற்கடுத்த மாதம் வேறொரு கண்டத்துச் சண்டையோடு தொடர்ந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சில வருடங்கள் கழித்து அந்தப் பாலைவனச் சண்டை வந்தது. இத்ரிஸின் உறவினர்கள் இன்னும் அங்கே இருப்பதால் நாட்டின் பெயரை விடுகிறேன். உள்நாட்டுப் போர் நடந்த ஒரு நாட்டின் எல்லையில் ஒரு காவலரண், ஒரு கிணறு, முப்பது சொச்சம் ஆட்கள். வானொலி அதை ஒருமுறை வாசித்துவிட்டு மறந்துபோனது. அண்ணை மறக்கவில்லை. 'பாலைவனத்தின் திறவுகோல்' என்ற தலைப்பில் இரண்டு பக்கம் எழுதினார். களப்பு வழமையான இடத்தில் இருந்தது.

பிறகு இத்ரிஸ் ஜெர்மனிக்கு வந்து பாண் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஒருநாள் இடைவேளையில் தன் கதையைச் சொன்னார். அந்தக் காவலரணுக்குத் தண்ணீர் லொறி ஓட்டியவர் அவர். நடுப்பகலில் தாக்கினார்கள். ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது. உடல்கள் கிணற்றுக்குள் விழுந்ததால் தண்ணீர் கெட்டுப்போனது. குடிக்கத் தண்ணீர் இல்லாத இடத்தில் வென்றவர்களும் இருக்கவில்லை, மாலையே போய்விட்டார்கள். இரண்டு பக்கமும் லொறிக்காரனை மற்றப் பக்கத்து ஆள் என்று தேடின. தப்பி வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தார். அப்படி ஒரு சண்டை நடந்ததற்குப் பதிவே இல்லை என்று விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். வழக்கு நீதிமன்றத்தில் இருந்தது. தோற்றால் திருப்பி அனுப்புவார்கள்.

அண்ணை சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு, இத்ரிஸ் சொல்வதற்கு முன்பே அந்தக் கிணற்றின் பெயரைச் சொன்னாராம்.

உலகத்தில் அந்தச் சண்டைக்கு இருந்த ஒரே அச்சுச் சாட்சி, இத்ரிஸ் வருவதற்கு முன்பே வெளியான எங்கள் இதழ்தான். வழக்கறிஞர் மகிழ்ந்தார். கட்டுரை, நீதிமன்றத்துக்குச் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளரான பீலெஃபெல்ட் நகரத்துக் கௌரியிடம் போனது. இரண்டு நாளில் கௌரி அண்ணையைத் தொலைபேசியில் அழைத்தாள். நான் அண்ணையின் சமையலறையில் இருந்தேன்.

"அண்ணை, இதிலை கழுத்தளவு தண்ணியிலை போகினம் எண்டு கிடக்கு."

"ஓம்."

"பாலைவனத்திலை, அண்ணை."

"ஓம், தெரியும். அந்த வரியை விட்டிட்டுச் செய்ய ஏலாதோ, பிள்ளை?"

"ஏலாது. உள்ளதை உள்ளபடி எழுதுவன் எண்டு சத்தியம் பண்ணியிருக்கிறன். நீங்கள் ஒண்டும் பண்ணேல்லையே?"

அவர் தொலைபேசியை வைத்தார். கட்டுரையைக் கொடுத்தால், தண்ணீரைப் பார்த்து மீதியையும் பொய் என்பார்கள். கொடுக்காவிட்டால் இத்ரிஸிடம் எதுவும் இல்லை. மூன்றாவது வழி ஒன்றுதான் இருந்தது. அதை அவர் தன் வாழ்நாளில் செய்ததில்லை.

கொப்பியை எடுத்து அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தார். பிறகு நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். வானொலி சொன்ன நாலு வசனங்கள் இவை, கேட்ட திகதியும் நேரமும் இவை. கட்டுரையில் மற்றதெல்லாம் நான் சேர்த்தது. கடைசி வரி இப்படி இருந்தது: "கிணறு உண்மை. தண்ணீர் என்னுடையது."

விசாரணை நாளன்று நானும் போனேன். கௌரிதான் மொழிபெயர்த்தாள். நீதிபதி கண்ணாடி போட்ட, பொறுமையான பெண். கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, பாலைவனத்தில் ஏன் தண்ணீர் வைத்தீர்கள் என்று கேட்டார்.

நான் அவருடைய விளக்கத்துக்குத் தயாராக இருந்தேன். மூலோபாயம், கேந்திரம் என்று ஏதாவது வரும் என்று நினைத்தேன்.

"எங்கடை தம்பி கடைசிச் சண்டையிலை களப்புக்குள்ளாலை போனவன், அம்மா. கரையேறேல்லை. நான் எழுதினால் எல்லாரும் கரையேறுவினம்" என்றார்.

இருபது வருடப் பழக்கத்தில் அவருக்குத் தம்பி இருந்தது எனக்குத் தெரியாது. கௌரி மொழிபெயர்க்க வழமையைவிடக் கூடிய நேரம் எடுத்தாள். இத்ரிஸுக்கு அந்தத் தமிழ் விளங்கவில்லை. மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையை அண்ணையின் பக்கம் தள்ளினார். தொழில் பழக்கமாக இருக்கலாம்.

தீர்ப்பு தபாலில் வந்தது. இத்ரிஸ் இங்கேயே இருக்கலாம். அண்ணையின் கடிதத்தை நம்பத்தக்கது என்று அதில் ஒரு வரி சொன்னது. இருபது வருடம் எழுதிய மனிதரைப் பற்றி அப்படி எழுதப்பட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் இரண்டு தாள்களோடு என் வீட்டுக்கு வந்தார். இரண்டும் இதழுக்கான திருத்தங்கள். முதலாவது பாலைவனத் தண்ணீரைப் பற்றியது. அதைப் போட்டேன், வாசகர்கள் ரசித்தார்கள். இரண்டாவதைப் போடவில்லை. பழைய கதை, ஆட்கள் கோபிப்பார்கள், சந்தா நிற்கும் என்று காரணங்கள் சொன்னேன். அவர் வாதாடவில்லை. "நீர் ஆசிரியர், உமக்குத் தெரியும்" என்றார். இதைவிடக் கடுமையாக அவர் யாரையும் பேசி நான் கேட்டதில்லை. அதன் பிறகு களநிலை எழுதவும் இல்லை.

தகனத்துக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் டெர்மின், அதாவது குறித்த நேரம், கிடைத்தது. இந்த நாட்டில் சாவதற்கு மட்டுந்தான் டெர்மின் தேவையில்லை. வந்தவர்களில் பலர் அவருடைய வாசகர்கள். சிலர் அந்த 'பொறி' கட்டுரையை நம்பி, ஊரில் இருந்த சொந்தங்களுக்குத் தொலைபேசியில் "பயப்பிடாதேங்கோ, இருந்த இடத்திலையே இருங்கோ" என்று சொன்னவர்கள். அவர்களும் மலர் வைத்தார்கள். இத்ரிஸ் கடைசி வரிசையில் நின்றார்.

அண்ணையின் கொப்பிகளை அவருடைய மகள் எடுத்துக்கொண்டாள். வானொலி இத்ரிஸிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது அந்த இரண்டாவது தாள். எழுத்துப்பிழை இல்லை. நான் திருத்த ஒன்றும் இல்லை. பிந்திப் பிரசுரிக்கிறேன்:

"போரின் கடைசிக் கட்டத்தில் இந்தப் பக்கத்தில் 'இது பின்வாங்கல் அல்ல, பொறி' என்று எழுதினேன். அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுதினேன். அதை வாசித்துவிட்டு வீட்டு ஆட்களை 'வெளிக்கிடாதேங்கோ' என்று மறித்தவர்கள் இருப்பீர்கள். உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். என் தம்பியை மறித்தவனும் நான்தான். — க. தருமலிங்கம், ஹம்."