நாயிடம் சொல்லிக்கொண்டு கிளம்புவது

நாங்கள் முன்பு இருந்த ரப்பர் தோட்டத்தில் யாரும் நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போனதில்லை. காலையில் நாய்தான் எங்களை விட்டுவிட்டுப் போகும். சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வரும். புக்கிட் பெருவாங்கில் வாடகை வீட்டுக்கு வந்த பிறகுதான் நாயை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவது என்ற ஒன்றை நானும் அம்மாவும் செய்யத் தொடங்கினோம். எங்கள் இருவருக்கும் அதில் பழக்கமில்லை. நாய்க்கும் இல்லை.

ஜாசின் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கும் மாமா ஒரு பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்த குட்டி அது. பல் மாறும் வயது. பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் எப்போதும் நிமிர்ந்திருக்கும். நாங்கள் வீட்டில் இருக்கும்போது எதையும் தொடாது. இல்லாதபோது வாசல் கதவைக் கடித்தது. கீழ் மூலையில் மரம் நார்நாராக வந்திருந்தது.

வீட்டுக்காரர் அடுத்த வீட்டிலேயே இருந்தார். யாழ்ப்பாணக் குடும்பத்தவர், ஓய்வுபெற்ற தாதி. ஆண்ட்டி என்றுதான் கூப்பிடுவேன். குனிந்து கதவைத் தடவிப் பார்த்தார். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"தம்பி, அடுத்த கிழமை கதவை மாத்தித் தாறன். மாசக் கடைசியில பெயின்ட் அடிக்க ஆள் வரும். அதுக்குள்ள புதுக் கதவிலையும் பல்லு வைச்சா, நாயை வைச்சிருக்கேலாது. சரியோ?"

"சரி, ஆண்ட்டி."

மாமாவுக்குப் போன் செய்தேன். திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். "உர ஸ்டோர்ல கட்டிப் போட்டுர்றேன். திருடன் வராம இருப்பான் லா." சங்கிலி எவ்வளவு நீளம் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் அதைப் பற்றிப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். கைப்பேசியில் படித்தேன். கடிக்க ரப்பர் பொம்மை கொடுக்கச் சொல்லியிருந்தது, வாங்கிக் கொடுத்தேன். வானொலியைப் போட்டுவிட்டுப் போகச் சொல்லியிருந்தது, போட்டேன். கொஞ்ச நாளில் வானொலி என்றால் தனிமை என்று நாய் புரிந்துகொண்டது. செய்தி கேட்கப் போட்டாலும் கதவருகே போய் நின்று முனகியது. கடைசியாக, கிளம்பும்போது நாயிடம் எதுவும் சொல்லாதீர்கள், அப்படியே வெளியேறுங்கள் என்று இருந்தது. அங்கேதான் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

அம்மா தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலில் துணி துவைக்கும் பகுதியில் வேலை செய்கிறார். காலையில் வேன் வரும். நானும் அதே நேரத்தில் பைக்கில் ஆயர் கெரோவிலுள்ள அலுவலகத்துக்குக் கிளம்புவேன். அம்மா சாமி படத்திடம் போயிட்டு வரேன் என்பார், என்னிடம் போயிட்டு வரேன் என்பார், நாயின் நெற்றியில் திருநீறு பூசி அதனிடமும் சொல்வார். கதவைப் பூட்டிய பிறகு சன்னல் வழியாக இன்னொரு தடவை. சாமியிடம் சொல்லும்போதே நாய்க்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிடும்.

"நாய்கிட்ட சொல்லாம போம்மா. அதுதான் அதுக்கு நல்லது."

"சொல்லாம கொள்ளாம போறதுக்கு நான் என்ன வீட்ட விட்டு ஓடிப்போறவளா?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

"எழுதினவன் அம்மாகிட்ட கேளு, அவன் சொல்லிட்டுப் போவானா இல்லையான்னு."

பிறகு, பயற்றங்காய் நறுக்கியபடி வேறொன்றும் சொன்னார். நான் சிறுவனாக இருந்தபோது பால்மரம் வெட்டப் போகும்முன் என்னைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விடுவாராம். ஒருநாள் நான் பார்க்காத நேரமாகச் சொல்லாமல் நழுவியிருக்கிறார். "அன்னிக்கு சாயங்காலத்துலேருந்து என் கைலிய விடல நீ. கக்கூஸ் போனாலும் வாசல்ல நின்னு அழுவே. அதுலேருந்து யார்கிட்டயும் சொல்லாம போறதில்ல."

எனக்கு அது நினைவில்லை. ஆனால் நான் படித்ததில் அதற்குப் பதில் எதுவும் இருக்கவில்லை.

புதுக் கதவு வந்தது. மறுநாள் காலை நான் பைக்கைக் கேட்டுக்கு வெளியே தள்ளி நிறுத்தியிருந்தேன். அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்து கதவைப் பூட்டினார். உள்ளே முனகல் தொடங்கியது. சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டிருந்தார். திறந்து எடுத்துக்கொண்டு, "போயிட்டு வரேன்டா குட்டி" என்று மறுபடி பூட்டினார். பிறகு குடை. பிறகு ஹோட்டல் அட்டை. ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டே வந்தார். அட்டைக்குப் பிறகு முனகல் இல்லை. சன்னல் வழியாகப் பார்த்தேன். நாய் சாக்கில் படுத்து ரப்பர் பொம்மையை நக்கிக்கொண்டிருந்தது. போன ஆள் எப்படியும் திரும்பி வருவார் என்பதுபோல் இருந்தது அதன் முகம்.

"இனி ஒண்ணும் மறக்கலியே?" என்று அம்மா தன்னையே கேட்டுக்கொண்டார்.

"நாளைக்கும் மறந்துரும்மா," என்றேன்.

அன்று மாலையிலிருந்து வேண்டுமென்றே மறந்தோம். குப்பை போடப் போனாலும் போயிட்டு வரேன். முதலில் கேட்டு வரை போய் வந்து உட்கார்ந்தோம். பிறகு சந்து முனை வரை, பிறகு கடை வரை. திரும்பி வரும்போது பெரிதாகக் கொஞ்சுவதில்லை. மதிய இடைவேளையில் நான் பைக்கில் ஓடிவந்து பார்த்துவிட்டுப் போனேன். அம்மாவுக்குத்தான் வெட்கம். "பாக்கிறவங்க நம்மள பைத்தியம்னு நெனைப்பாங்க லா."

பார்த்தவர் ஆண்ட்டி மட்டும்தான். வேலியோரம் செடிக்குத் தண்ணீர் ஊற்றியபடி கேட்டார்: "என்ன தம்பி, போறியளோ, வாறியளோ?"

"ரெண்டும்தான், ஆண்ட்டி."

இடையில் ஒருநாள் நாற்காலிக் காலில் பல் பட்டது. நாற்காலி எங்களுடையது. கதவில் படவில்லை.

மாசக் கடைசியில் ஆண்ட்டி வந்தார். அம்மா கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். ஆண்ட்டி குனிந்து அதே கீழ் மூலையைத் தடவினார். விரலில் தூசிதான் வந்தது. நிமிர்ந்து, "பெயின்ட் காயும் மட்டும் நாயைக் கிட்ட விடாதை, தம்பி" என்றார். அவ்வளவுதான். எங்களிடம் "போட்டு வாறன்" என்றவர், போகிற போக்கில் நாயிடமும் அதையே சொன்னார். நாய் தலையைத் தூக்கவில்லை.

"பெரியவங்க சொல்லிட்டுப் போறாங்க, எந்திரிக்குதா பாரு," என்றார் அம்மா. குரலில் சந்தோஷம்தான்.

மறுநாள் காலை அம்மா சாமியிடம் சொன்னார், என்னிடம் சொன்னார், நாயிடம் சொன்னார். நாய் சாக்கில் படுத்தே இருந்தது. ஒரு காது நிமிர்ந்திருந்தது. அது எப்போதும் நிமிர்ந்திருக்கும் காதுதான். கதவைப் பூட்டி, சன்னல் வழியாக இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். அது கொட்டாவி விட்டது.

வேன் ஹார்ன் அடித்தது.

"போறேன் போ," என்று சொல்லிவிட்டு அம்மா கேட்டு வரை நடந்தார். நின்றார். திரும்பி வந்து, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போயிட்டு வரேன் என்று மாற்றிச் சொல்லிவிட்டுப் போய் வேனில் ஏறினார்.