நோனாவின் மூன்று சில்லு மோட்டார் சைக்கிள்

குடல் இறங்கியிருக்கிறது என்று பெரியாஸ்பத்திரி டாக்குத்தர் சொன்ன அன்றும் நான் சைக்கிளில் பாண் பெட்டியைக் கட்டிக்கொண்டுதான் போனேன். போகாமல் என்ன செய்வது. வீட்டில் நாலு பிள்ளைகள். மட்டக்களப்பு டவுனில் ஒரு பேக்கரியில் விடியப் பாணை ஏற்றி, செங்கலடிச் சந்தியால் திரும்பி, பதுளை வீதி வழியாகக் கரடியனாறு வரைக்கும் போக வேண்டும். வழியில் உள்ள தேத்தண்ணிக் கடைகளுக்கும், வயல் வட்டைகளில் வாடி போட்டு நெல்லுக்குக் காவல் கிடக்கிறவர்களுக்கும் கொடுத்துவிட்டுத் திரும்புவேன். கலியாணம் முடிக்க முதல் தொடங்கின வேலை அது. அறுபதுகளில் ஒரு தவக்காலம் அப்போது. எனக்கு நாற்பது கடந்திருந்தது. நித்திரையிலும் நான் மிதித்துக்கொண்டு கிடப்பதாக மனைவி சொல்லுவாள். பாயின் கால்மாடு அதனாலேயே கிழிந்திருந்தது.

டாக்குத்தர் இடுப்பில் கட்ட ஒரு தோல் பட்டி தந்தார். பாரத்தோடு சைக்கிள் மிதித்தால் இந்தப் பட்டி நிற்காது, ஒருநாள் ஆளில்லாத இடத்தில் விழுந்து கிடப்பாய் என்று சொன்னார். பயந்து, பாதிப் பாணோடு போகத் தொடங்கினேன். மேடு பள்ளமான இடங்களில் இறங்கி நடந்தேன். வெயில் ஏறிய பிறகுதான் கரடியனாற்றுக்குப் போய்ச் சேருவேன். அதற்குள் கடைக்காரர் ரொட்டி சுட்டுவிடுவார்கள்.

பேக்கரி முதலாளி கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவருக்கும் அடுப்பு எரிய வேண்டும். பாதிப் பாணுக்கு ஒரு ஆளை வைத்திருக்க ஏலாது, உயிர்த்த ஞாயிறு வரைக்கும் பொறுக்கிறேன், அதற்குள் ஒரு வழி பார், இல்லாவிட்டால் அந்தப் பாதையை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டி வரும் என்றார். மோட்டார் வண்டி ஒன்று கிடைத்தால் முழுப் பாணும் தருவீர்களா என்று கேட்டேன். ஒன்றரை மடங்கு தாறன் என்றார்.

எங்கள் கோயில் பங்கில் ஒரு பறங்கிக் கைம்பெண் இருந்தார். எல்லாரும் நோனா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய மனுசன் உயிரோடு இருந்த காலத்தில், மோட்டார் சைக்கிளின் இடது பக்கத்தில் மூன்றாவது சில்லு ஒன்றைப் பூட்டி, அதன்மேல் பெட்டிபோல ஒரு இருக்கை செய்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நோனா அந்தப் பெட்டிக்குள் தொப்பியோடு வந்து இறங்குவது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த காட்சி. மனுசன் செத்தபிறகு அந்த வண்டியை ஒருவன் வாடகைக்கு எடுத்து, ஒரு இடதுபக்கத் திருப்பத்தில் கவிழ்த்துத் தோள் எலும்பை முறித்துக்கொண்டான். அதற்குப் பிறகு வண்டி சாக்கு மூடிக் கொட்டிலில் நின்றது.

நான் போய்க் கேட்டபோது நோனா உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை. என் இடுப்புப் பட்டியைப் பார்த்தார், பிள்ளைகளை விசாரித்தார். பிறகு சொன்னார்: "இதில நீங்களும் விழுந்து செத்தா, நான் எந்த முகத்தோட தம்பி பூசையில சாமியார்ட கையால நன்மை எடுக்கிற? முதல் பழகுங்க. மறுகா நான் பெட்டிக்குள்ள குந்தி வந்து பாப்பன். எனக்கு மனசு சரியெண்டாத்தான் வாடகைக்குத் தருவன்."

எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். நோனா ஒருநாளும் அந்த வண்டியை ஓட்டியதில்லை. தன் செபமாலையை எடுத்துக் காட்டினார். வீட்டிலிருந்து கோயில் மூலை போய்த் திரும்பும் வரைக்கும் இரண்டு கையாலும் இதைப் பிடித்துச் செபம் சொல்லிக்கொண்டு வருவாராம். பயத்தில் கை மாலையை விட்டுப் பெட்டியின் விளிம்பைப் பிடித்தால் நான் தோற்றேன். அவருடைய மனுசனோடு போன காலத்தில் கை ஒருநாளும் விளிம்புக்குப் போனதில்லையாம்.

அரசாங்கக் கச்சேரியில் பழகுகிற லைசன் எடுத்தேன். மனைவியின் தம்பி சித்தாண்டியில் உழவு மிசின் ஓட்டுகிறவன். அவன் வந்து கியர், கிளச், பெற்றோல் திறக்கிற திருகு எல்லாம் காட்டினான். உதைத்து ஸ்டார்ட் செய்யத்தான் என்னால் முடியவில்லை. உதைத்தால் வயிற்றுக்குள் கத்தி போகிறதுபோல இருந்தது. கொட்டில் வாசலில் நின்ற நோனா, தன் மனுசன் ஒருநாளும் உதைத்ததில்லை, உதைகோலில் ஏறி நிற்பார், உடம்புப் பாரத்தில் அது தானாகக் கீழே போகும் என்றார். அப்படியே செய்தேன். எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்தது.

ஓட்டுவது கஷ்டமாக இருக்காது என்றுதான் நினைத்தேன். இத்தனை வருசம் இரண்டு சில்லில் பாரம் சுமந்தவனுக்கு மூன்றாவது சில்லு உதவிதானே என்று எண்ணினேன். முதல் நாளே வாவிக்கரை வீதி வளைகிற இடத்தில் நான் வளையவில்லை. நேராகப் புல்லுக்குள் இறங்கி, கரையோரக் கண்ணாக் கன்றுகளை முறித்து, முன்சில்லு வாவிச் சேற்றில் புதைந்து நின்றது. அங்கே வீச்சு வலை எறிந்துகொண்டிருந்த ஒருவர் வலையைத் தோளில் போட்டபடி, இவ்வளவு கெதியாக வந்தும் ஒரு மீனும் படவில்லையே என்று விசாரித்தார். மச்சினனும் அவருமாகத்தான் வண்டியைத் தள்ளிக் கரையேற்றினார்கள்.

பிழை என் உடம்பில் இருந்தது. சைக்கிளில் திரும்பும்போது கையால் திருப்புகிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் உடம்பைச் சரித்துத்தான் திரும்புகிறோம். இந்த வண்டி சரியாது. பக்கத்துப் பெட்டி அதைச் சரிய விடாது. நான் முழு உடம்பையும் இடதுபக்கம் சாய்த்துக்கொண்டிருப்பேன், அது தன்பாட்டில் நேரே போகும். கைப்பிடியைப் பிடித்து இழுத்துத் திருப்ப வேண்டும், கதவைத் திறக்கிறதுபோல. இன்னும் ஒன்று, வேகம் கொடுத்தால் இடதுபக்கம் இழுக்கும், வேகத்தைக் குறைத்தால் பெட்டி முந்தப் பார்த்து வலதுபக்கம் தள்ளும். இடதுபக்கம் கெதியாகக் கிறுகித் திரும்பினால் பெட்டியின் சில்லு நிலத்தை விட்டு எழும்பும். வாடகைக்கு எடுத்த அந்த ஆள் கவிழ்ந்ததும் அப்படித்தான்.

பெட்டி வெறுமையாக இருந்தால் இன்னும் எழும்பும் என்பதால் மணல் மூட்டை வைக்கச் சொன்னான் மச்சினன். மூட்டையைத் தூக்குவது யார். எனக்கு ஏலாது, அவன் ஒவ்வொரு நாளும் வரமாட்டான். கடைசியில் மனைவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நானே குந்துகிறேன் என்றாள்.

"அக்கா குந்தினா சில்லு எழும்பாது மச்சான். றோட்டுத்தான் கொஞ்சம் தாழும்," என்றான் மச்சினன்.

"உன்ட கலியாணத்துக்கு வரக்குள்ள இதில வாறன்டா, றோட்ட நீயே வந்து நிமித்து," என்றாள் அவள்.

தவக்காலத்தில் அப்படிச் சிரித்தது எனக்கு நினைவில் இருக்கும் ஒரே இடம் அதுதான். மற்றதெல்லாம் களைப்பு. விடியப் போய், மத்தியானத்துக்குப் பிறகு வந்து, ஒருசந்தி நோன்பு வயிற்றோடு ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டு, நோனா வீட்டுக்கு நடந்து போய் வண்டியில் ஏறுவேன். பெட்டிக்குள் மனைவி கண்ணை மூடிக்கொண்டு பிதா சுதன் சொல்லிச் சிலுவை போடுவாள். ஒழுங்கைச் சனம் வேலியால் எட்டிப் பார்த்து, எந்த ஊர்க் கலியாணம் என்று கேட்கும். வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை. ஆண்டவர் விழுகிற ஒவ்வொரு தலத்திலும் முழங்காலில் நின்றால் எழும்ப வாங்குப் பலகையைப் பிடிக்க வேண்டியிருந்தது. இந்த வண்டியை எனக்குப் பழக்கிவிடு, இல்லாவிட்டால் என் பிள்ளைகளுக்கு நீயே பாண் கொடு என்று கேட்டிருக்கிறேன். அது செபமா கோபமா என்று எனக்கே தெரியாது.

முதல் தரம் நோனா பெட்டிக்குள் ஏறியபோது தோற்றேன். கோயில் மூலை இடதுபக்கத் திருப்பம். பழையபடி என் முதுகு தானாகச் சரிந்தது. வண்டி மதகுச் சுவரைப் பார்த்துப் போனது. பயந்து கைப்பிடியை வெட்டித் திருப்பினேன். பக்கத்துச் சில்லு எழும்பி ஒரு நொடி காற்றில் நின்று தொப்பென்று விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். நோனாவின் இரண்டு கையும் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன. செபமாலை அவருடைய காலடியில் கிடந்தது.

வீட்டு வாசலில் நோனா இறங்கி மாலையைத் தட்டி எடுத்துக்கொண்டு, "வண்டிக்கு உங்கட முதுகு தேவல்ல தம்பி, கை ரெண்டு மட்டும் காணும்," என்றார். இன்னொரு தரம் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். ஆண்டவர் பாடுபட்ட பெரிய கிழமையில் வண்டியை வெளியே எடுக்க விடமாட்டேன், குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனி வாருங்கள் என்றார். அதை விட்டால் உயிர்த்த ஞாயிறுப் பெருநாள் வந்துவிடும், பாதை போய்விடும்.

அந்தச் சனிக்கிழமை வட்டைகளில் அறுவடை. அதனால் முதலாளி முழுப் பாணையும் ஏற்றிவிட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செங்கலடி தாண்டியதும் பட்டி அவிழ்ந்தது. ஒரு மருத மரத்தின் கீழ் உட்கார்ந்து திரும்பக் கட்டினேன். கரடியனாறு வரைக்கும் மிதித்தேனா நடந்தேனா என்று சரியாக நினைவில்லை. திரும்பி வரும்போது கைகால் எல்லாம் ஈரச் சாக்குப்போல இருந்தது. வீட்டுக்குப் போகவும் இல்லை, நேரே நோனா வீட்டு வாசலில் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்து, இன்றைக்கு வேண்டாமே என்றார் நோனா. இன்றைக்கு இல்லாவிட்டால் எப்போது என்று கேட்டேன். அவர் பெட்டிக்குள் ஏறி மாலையை எடுத்தார்.

உதைகோலில் ஏறி நின்றேன். அதற்கு மேல் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. ஆசனத்தில் மூட்டை வைத்ததுபோல இருந்தேன். நோனா அருள் நிறைந்த மரியே சொல்லும் சத்தம் எஞ்சின் சத்தத்துக்குள் வந்து வந்து போனது. கோயில் மூலை வந்தது. சரிவதற்கு என் முதுகில் பலம் இருக்கவில்லை. கை மட்டும்தான் வேலை செய்தது. வேகத்தைக் குறைத்து மெல்லக் கைப்பிடியைத் திருப்பினேன். வண்டி அப்படியே கிறுகியது. திருப்பத்துக்கு அங்கால் வைக்கோல் ஏற்றின மாட்டு வண்டி ஒன்று வீதியை அடைத்துக்கொண்டு நின்றது. நிறுத்தினேன். எஞ்சினும் நின்றுவிட்டது. சைக்கிள் பழக்கத்தில், வண்டி நின்றால் விழுந்துவிடுவேன் என்று காலை நிலத்தில் ஊன்றியிருப்பேன். அன்றைக்குக் காலும் அசையவில்லை. மூன்று சில்லில் வண்டி தன்பாட்டில் நின்றது. நான் விழவில்லை. மாட்டுக்காரர் ஒதுங்கியதும் திரும்ப உதைகோலில் ஏறி நின்றேன். பிடித்துக்கொண்டது.

வீட்டு வாசலில் நிறுத்தி, பக்கத்தில் பார்க்கப் பயந்துகொண்டு இருந்தேன். நோனா செபத்தை முடித்துச் சிலுவையை முத்தமிட்டார்.

"நாலாம் தேவ இரகசியம் வரைக்கும் மாலைய விடாமச் சொல்லி முடிச்சன்," என்றார். "திங்கக்கிழம ஆசனத்தக் கழட்டிப் போட்டுப் பாண் பெட்டியப் பூட்டுங்க. பெருநாள் முடிஞ்சு ஓடலாம். இப்ப இறங்குங்க தம்பி."

நான் இறங்கவில்லை. இறங்க முடியவில்லை. அவர் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து தரும் வரைக்கும் அதிலேயே இருந்தேன். மனம் சந்தோசப்பட வேண்டிய நேரம் அது. ஆனால் சந்தோசப்படுவதற்கும் ஒரு பலம் வேண்டும்.

வீட்டுக்குப் போனபோது மனைவி வாசலில் நின்றாள். தலையை மட்டும் ஆட்டினேன். அவள் பிள்ளைகளைக் கூப்பிட்டு மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நிறுத்தினாள். நான் பாயில் விழுந்தேன். என்னை எழுப்பச் சொன்ன மகளிடம், "அப்பாவ விடு புள்ள, அவருக்கும் சேத்து நாம சொல்லுவம்," என்றாள். அவர்கள் நன்றிச் செபம் சொல்லி முடிக்கும் மட்டும் கண் திறக்க முடியவில்லை. படுத்தபடியே ஆமென் மட்டும் சொன்னேன்.