ரத்னாவுக்கு ஒரு சீட்

மாரிகுப்பத்திலிருந்து காலையில் பெங்களூருக்குக் கிளம்பும் ரயிலில், பெண்கள் பெட்டிக்கென்று சில பழக்கங்கள் உண்டு. பங்காரப்பேட்டை வரும்வரை பேச்சு கிடையாது. தலை பின்னுவார்கள், பூ வைப்பார்கள், வீட்டில் விட்டுவந்த தூக்கத்தைப் பிடிப்பார்கள். பங்காரப்பேட்டை தாண்டியதும் டிபன் டப்பாக்கள் திறக்கும், கூடவே வாய்களும் திறக்கும். அந்த நேரத்துக்கு ஒரு கதைக்காரி இருந்தாள். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கக் குடியிருப்பு குணசுந்தரி.

அவள் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடிய பிறகு கோலார் தங்கவயலில் பலருக்கு நேர்ந்ததுதான் அவளுக்கும் நேர்ந்தது. வேலை இருக்கிற ஊருக்கு ரயில் ஏறினாள். முதலில் கார்மென்ட்ஸ். புருஷன் விட்டுப்போன பிறகு அந்தச் சம்பளம் போதவில்லை. வேறு வழி ஒன்று கண்ணில் பட்டது, போனாள். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள். பாலியல் தொழிலாளி. பெட்டியில் இருந்தவர்களுக்குத் தெரிந்தவரை, கண்டோன்மென்ட் பக்கம் ஏதோ ஆபீசில் ஹவுஸ்கீப்பிங்.

பெங்களூரில் அவளுக்கு ஒரு சங்கம் இருந்தது. தொழில் செய்யும் பெண்கள் சேர்ந்து நடத்துவது. ஒருமுறை அதிகாரிகளை அழைத்துக் கூட்டம் போட்டார்கள். வக்கீலம்மா சட்டப் பிரிவுகளைச் சொல்லச் சொல்ல, வந்தவர்கள் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். குணசுந்தரி எழுந்து, "சார், ஒரு கதை சொல்லட்டுமா?" என்றாள். காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன ஒருத்தியை, ஊசி போடாமல் விசாரணை மட்டும் போட்டு அனுப்பிய கதை. போன்கள் ஒவ்வொன்றாகப் பைக்குள் போயின. அன்றிலிருந்து சங்கம் எங்கே பேசப் போனாலும் கடைசியில் குணசுந்தரி. காலேஜிலும் பேசினாள், காக்கிச் சட்டைக்காரர்கள் முன்னாலும் பேசினாள். நடுவில் கவிதையும் வரும். தமிழில் சொல்லிவிட்டு, கன்னடத்தில் விளக்குவாள். அங்கே தன் தொழிலை மறைத்ததில்லை.

ரயிலில் மட்டும் மறைத்தாள். ரயிலில் இருந்தவர்கள் ஊர்க்காரர்கள்.

ஆனால் கதை சொல்கிற நாக்கு சும்மா இருக்குமா? ரத்னா என்று ஒருத்தியை உண்டாக்கி, அவள் தலையில் தன் கதையையெல்லாம் இறக்கினாள். முதல் நாள், கார்மென்ட்ஸில் சூப்பர்வைசராக இருக்கும் லவினா முகத்தைச் சுளித்தாள்.

"இன்னா கதை இது, காலங்காத்தால? நல்ல பொம்பள ஒருத்தியும் கிடைக்கலையா உனுக்கு?"

"நல்லவதான் அக்கா. கேட்டுட்டுச் சொல்லு."

மாலூர் வருவதற்குள் லவினாவே, "அப்பறம் இன்னா ஆச்சு?" என்றாள்.

ரத்னாவின் கம்மலைப் பறித்துக்கொண்டு ஒருவன் ஓடிய கதையை ஒரு வாரம் சொன்னாள். ரத்னா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறாள். "அந்த நேரத்துல அங்க உனக்கு என்ன வேலை?" என்று கேட்கிறார் ரைட்டர். "என் வேலையை அப்புறம் எழுதுங்க சார், முதல்ல அவன் வேலையை எழுதுங்க" என்கிறாள் ரத்னா. பெட்டியே கை தட்டியது. ஷாப்பிங் மாலில் பில் போடும் ரூபா விசிலே அடித்தாள். ராபர்ட்சன்பேட்டையில் கடை வைத்திருக்கும் குடும்பத்துச் சாரதாகூட, கணக்கு வேலைக்குப் போகிறவள், அதிகம் பேசாதவள், "அப்படித்தான் கேக்கணும்" என்றாள்.

அங்கேதான் வினை வந்தது. கதையில் அவர்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லாமல் போனது. ரத்னா நிஜம், குணசுந்தரியின் சிநேகிதி, பெங்களூரில் எங்கோ இருக்கிறாள் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின வேலைநாளில் ரயிலுக்குப் பூஜை போடுவது வழக்கம். வாழைக்கன்று கட்டி, சாமந்தி சுற்றி, டிரைவருக்கு மாலை போட்டு, பெட்டி முழுக்கப் பொரியும் சுண்டலும். அந்த வருஷம் லவினா அறிவித்தாள்.

"ரத்னாவைக் கூட்டியா. முந்தின நாள் சாயங்காலமே வந்து உன் வீட்ல தங்கட்டும். காலையில நம்மளோட ஏறட்டும்."

"அவ வரமாட்டா அக்கா."

"ஏன், நாங்க இன்னா கடிச்சா துன்னுடுவோம்?"

"அக்கா, ப்ளீஸ். ஒரு செல்பி போதும்" என்றாள் ரூபா.

குணசுந்தரி சிரித்து வைத்தாள். வீட்டுக்குப் போனதும் சிரிப்பு போய்விட்டது. ரத்னாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லலாம். அடுத்த வருஷமும் காய்ச்சல் என்று சொல்ல முடியாது. நான்தான் ரத்னா என்று சொல்லலாம். சொன்னால் நாளைக்கு எந்தப் பெட்டியில் ஏறுவது? சங்கத்தில் அவளுக்கு மரியாதை இருந்தது. ஆனால் இட்லிக்கு எள்ளுப்பொடியா, மிளகாய்ப்பொடியா என்று சண்டை போடுகிற ஆட்கள் இந்த ரயிலில்தான் இருந்தார்கள்.

காய்ச்சல் என்றே சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் பூஜை நாளில் ஏறினாள். ஏறியதும் பார்த்தது, அவள் வழக்கமாக உட்காரும் ஜன்னலுக்கு எதிர் ஜன்னலை. அங்கே சாமந்திச் சரம் தொங்கியது. சீட்டின்மேல் ஒரு டப்பா கேசரி, ஒரு ஜோடி கண்ணாடி வளையல். நிற்க இடமில்லாத பெட்டியில் அந்த ஒரு சீட்டை யாரும் தொடவில்லை.

"எங்கடி அவ?" என்று லவினா அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

தயாராக வைத்திருந்த காய்ச்சல் வாயில் வரவில்லை.

"வந்துட்டா அக்கா. அது நான்தான்."

"இன்னா நீதான்?"

"ரத்னா. அந்தக் கம்மல் என்னுது. ஸ்டேஷனுக்குப் போனது நான். ஹவுஸ்கீப்பிங் எல்லாம் பொய்."

பங்காரப்பேட்டை இன்னும் வரவில்லை. அதனால் பெட்டி ஏற்கெனவே அமைதியாகத்தான் இருந்தது. இப்போது தலைப் பின்னலும் பாதியில் நின்றது. சாரதா தன் பையை மடியிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டினாள். கதவுப் பக்கம் போய் நின்றாள். இது நடக்கும் என்று குணசுந்தரிக்குத் தெரியும். லவினாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லவினாவின் முகம் சிவந்தது.

"ஏண்டி, உனுக்கு மனசாட்சி கீதா?"

குணசுந்தரி தலை குனிந்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கோயில்ல முட்டி போட்டு ஜெபம் பண்ணினு கீறேன். 'ஆண்டவரே, ரத்னாவைக் காப்பாத்தும், ரத்னாவைக் காப்பாத்தும்'னு. எவ அந்த ரத்னா? இல்லாத ஒருத்திக்கு! பேரைச் சரியா சொல்லியிருந்தா உனுக்காவது போய்ச் சேர்ந்திருக்குமே!"

முதலில் சிரித்தது ரூபா. பிறகு எதிர் வரிசை. லவினா கோபம் குறையாமலே வளையலை எடுத்துக் குணசுந்தரியின் கையைப் பிடித்துத் திணித்தாள். "சைஸ் சின்னது. அவ ஒல்லின்னு சொன்னியே, அதுவும் பொய்யா?"

"கதையில கொஞ்சம் இளைச்சிட்டேன் அக்கா."

பூஜை முடிந்து பொரி கைமாறும்போது ரூபா கேட்டாள். "ரத்னா சங்கத்துல கவிதை சொல்லுவான்னீங்களே, அதை இங்க சொல்லுங்க அக்கா." குணசுந்தரி எழுந்து நின்றாள். மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"இரக்கம் வேண்டாம் ஐயா,
வரிசையில் என் இடம் போதும்.
காய்ச்சலோடு வந்தால்
காய்ச்சலைப் பாருங்கள்.
திருட்டுக் கொடுத்து வந்தால்
திருடனைத் தேடுங்கள்.
நான் யார் என்பதை
எனக்கு நேரம் இருக்கும்போது
நானே சொல்கிறேன்."

கன்னடத்துப் பெண் ஒருத்தி அர்த்தம் கேட்டாள். ரூபா முந்திக்கொண்டு சொன்னாள், பாதி தப்பாக. குணசுந்தரி திருத்தவில்லை.

சாரதா அதற்குப் பிறகு அந்தப் பெஞ்சுக்கு வரவில்லை. எதிரில் வந்தால் தலையாட்டுவாள், அவ்வளவுதான். இன்னும் இரண்டு மூன்று பேரும் இடம் மாறிக்கொண்டார்கள். குணசுந்தரி அதைக் கவனித்தாள். ஆனால் பயந்திருந்த அளவுக்கு அது வலிக்கவில்லை.

விடுமுறை முடிந்து மறுபடி ரயில் ஏறிய காலை, பங்காரப்பேட்டை தாண்டியது, டப்பாக்கள் திறந்தன. கதையைக் காணோம். ஜன்னலோரத்தில் குணசுந்தரி வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். ரயிலில் அவள் தூங்கி யாரும் பார்த்ததில்லை. எழுப்பப் போன ரூபாவின் கையை லவினா தட்டிவிட்டாள்.

"உடு. கண்டோன்மென்ட்ல எழுப்பிக்கலாம்."