பையோடு வந்த துக்கம்

கறி மாடு வளர்ப்பவன் கொட்டகையில் ஒரு மாடு செத்தால், துக்கம் கேட்க வருகிறவர்கள் கையில் பையோடுதான் வருவார்கள். சொந்த ஜனத்திடமே தோற்றுப்போன தோழர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

செவலைக் காளை

சுரங்கத்துக் கான்ட்ராக்ட் தொழிலாளிகளுக்காக முப்பது வருஷம் கொடி பிடித்தேன். பெர்மனென்ட் ஆனவர்கள் கொடி பிடிக்காதவர்கள். எனக்கு மிஞ்சியது மந்தாரக்குப்பத்துக்கு வெளியே ஒரு கொட்டகையும் சில காளைகளும். முந்தின சாயங்காலம் நன்றாகத் தின்ற செவலை, காலையில் வயிறு உப்பிச் செத்துக் கிடந்தது. மூக்கில் கருத்த ரத்தம் உறையாமல் வழிந்தது. மாட்டு டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். அடைப்பான் நோயாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றி உயிரை வாங்கும், தான் வரும்வரை யாரும் தொடவோ அறுக்கவோ கூடாது என்றார்.

விழுந்த மாட்டைக் கூறு போட்டு வீட்டுக்கு வீடு கொடுப்பது எங்கள் தெரு வழக்கம். பசியில் வந்த வழக்கம், அதில் எனக்கு வெட்கமில்லை. கத்தியோடு வந்த பழைய சங்கத்து ஆள் சேகரிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஆபீசர் பேச்சக் கேக்குற அளவுக்கு வயசாயிடுச்சா அண்ணே?"

என் நோட்டீஸ், எனக்கே

அதற்குள் தெருவே கூடிவிட்டது. மண் மேட்டில் ஏறிப் பேசினேன். சுரங்க வாசலில் கைதட்டிய அதே முகங்கள், இப்போது கல்லாக நின்றன. என்னோடு ஜெயிலுக்கு வந்த அஞ்சலை முன்னால் வந்தாள். "ஆபீசர் கூடாதுன்னா அதுல அவனுக்கு லாபம் இருக்குதுன்னு நோட்டீஸ் அடிச்சு வூடு வூடாக் குடுத்தது நீங்கதானே தோழரே?"

மறியல்

பேச்சு தோற்றால் மறியல்தான். செவலைக்கு முன்னால் படுத்துவிட்டேன். நான் பழக்கிய ஆட்கள், மறியலை எப்படிக் கலைப்பது என்று போலீசிடம் பட்டே படித்தவர்கள். ஆளுக்கு ஒரு கை கால் பிடித்தார்கள். சேகர் பக்குவம் சொன்னான்: "இடுப்பப் புடிங்கடா, அண்ணன் வேன்ல ஏத்துறப்பவே உதைப்பாரு."

மயிலைக் காளை

என்னை வேப்பமரத்தடியில் இறக்கியபோது, கட்டுத்தறியில் அதுவரை நின்ற மயிலை நடுங்கியது. முன்னங்கால் மடிந்து, எல்லார் கண்ணெதிரிலும் விழுந்து, அடங்கிவிட்டது. அதன் மூக்கிலும் அதே ரத்தம். சேகர் கையிலிருந்த கத்தி தானாகக் கீழே விழுந்தது. பைகள் ஒவ்வொன்றாகச் சுருண்டன.

டாக்டரம்மா வந்து, சோதனைக்குக் காதில் ரத்தம் எடுத்து, ஆழமாகக் குழி வெட்டச் சொல்லி, சுண்ணாம்பு போட்டு இரண்டையும் அறுக்காமல் புதைக்க வைத்தார். மிச்சக் காளைகளுக்கு ஊசி. தெரு ஜனத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போகும்போது அஞ்சலை என்னிடம் நின்றாள். "எந்த ஆபீசர நம்பலாம், எவன நம்பக் கூடாதுன்னு இனிமே தனித்தனியா நோட்டீஸ் அடிங்க தோழரே."

முப்பது வருஷம் தொண்டை கிழியப் பேசிய என்னை விட, வாயில்லாத ஒரு மயிலைக் காளை நல்ல பேச்சாளன் என்று என் ஜனம் ஒரே காலையில் தீர்மானம் நிறைவேற்றிவிட்டது.